பட்டியலில் பதினொரு பெயர்

ஜனவரி 4, கோயம்புத்தூர்

இந்த டைரி இலவசம். எங்கள் கோதை குயின்ஸ் கூடைப்பந்து அணியின் முதலாளி மயில்வாகனன் கூந்தல் தைலம் விற்கிறவர். டைரியில் ஒவ்வொரு மாதமும் பிறக்கிற பக்கத்தில் தைல பாட்டிலைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அவருக்கு முன்மண்டையில் ஒரு முடி கிடையாது. இந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுத வேண்டும்.

பெண்களுக்கென்று முதல்முதலாக ஒரு லீக், ஆறு அணிகள், இரண்டு மாதம். நாற்பத்தேழு வயதில் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான் மேனேஜராக வந்திருக்கிறேன். மேனேஜர் என்றால் ரூம் சாவி, ஜெர்சி, தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி. அப்புறம் ஆட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரின் பெயரும் எண்ணும் எழுதி, கோச்சிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கோர் மேஜையில் கொடுப்பது. அந்தத் தாளில் பெயர் இல்லாதவள் அன்றைக்கு ஆட முடியாது. கையெழுத்தாகிவிட்டால் மந்திரியே சொன்னாலும் சேர்க்க மாட்டார்கள்.

இன்று போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு பந்தைப் பிடிக்க வேண்டுமாம். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு கிராப். நாடகக் கம்பெனியிலிருந்து எட்டு டோப்பா வாடகைக்கு வந்தது. யார் யாருடைய வேர்வையோ ஊறி, ஈரத்துணி மக்கின வாடை. ஒருத்தி வாந்தி எடுத்தாள். போட்டோகிராபர் அதற்கும் காத்திருந்து, வாயைத் துடைத்துவிட்டு நிற்கச் சொன்னான்.

ஜனவரி 11

முதல் ஆட்டம், பதினாறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். இசக்கியம்மாள் மட்டும் இருபத்திரண்டு. சங்கரன்கோயில் பக்கத்துப் பெண், இருபது வயது, ஆறடி ஒரு அங்குலம். குதித்துப் பந்தைப் பிடித்தால் கீழே நிற்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் பார்த்த ஆட்டக்காரிகளில் இவளுக்கு மேல் இரண்டு பேர் இருக்கலாம், மூன்று பேர் இருக்க முடியாது.

கோச் வைரவனுக்கு ஒரு சென்டிமென்ட் இருக்கிறது. பெயர்ப் பட்டியலைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரு ஃபைனலில் தோற்றாராம். அதிலிருந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார். நான் அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைக்க வேண்டும். அந்த விரலால் கொஞ்சம் முன்னால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். கைக்குட்டையில் மூன்று தடவை துடைத்தும் எனக்குத் திருப்தியில்லை.

ஜனவரி 19

பஸ்ஸில் ஏழு மணி நேரம். ஆடின இடம் ஒரு தனியார் உள்ளரங்கம். புறா எச்சத்தை மைதானத்திலிருந்து சுரண்டின இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கழிவறைக்கும் இல்லை. மூலையில் பான்பராக் துப்பி வைத்திருந்தார்கள், பெண்கள் அறையில், எந்தப் புண்ணியவானோ. முழங்கால் மடக்கி உட்கார எனக்கு வராது, மேற்கத்தியக் கழிவறை கேட்டேன். அங்கே இருந்த ஆள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, விளையாட்டு டீச்சர்னு சொல்றீங்க, உக்கார முடியாதா என்று கேட்டான். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்.

ஜெயித்தோம்.

ஜனவரி 20

சாம்பாரில் ரப்பர் பேண்ட்.

ஜனவரி 27

இசக்கியோடு துணி துவைத்தேன். பன்னிரண்டு ஜெர்சியை லாட்ஜ் பக்கெட்டில் ஊறப்போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வருகிறது. அவளாக வந்து உட்கார்ந்து கசக்கினாள். ஒரு பெரிய வங்கி விளையாட்டு கோட்டாவில் நாலு பெண்களை எடுக்கிறதாம், அரையிறுதியைப் பார்க்க அவர்கள் ஆள் வருகிறார்களாம். அதைச் சொல்லும்போது ஜெர்சியைப் பிழிந்த பிழியில் தையல் விட்டுவிட்டது.

"எங்க ஊர்ல என் ஒசரத்துக்கு மாப்ள கெடையாதுக்கா. வேலைதான் எனக்கு மாப்ள. கழுத்துல ஐடி கார்டு போட்டுட்டு ஒரு நாள் பஸ்ஸ விட்டு எறங்கணும், அம்புட்டுதான்."

நானும் ஒரு காலத்தில் போலீஸ் அணிக்குச் சேர இருந்தவள்தான். அது வேறு கதை.

பிப்ரவரி 2, கோயம்புத்தூர்

அருவருப்பு தாங்க முடியவில்லை, அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

இன்று சொந்த ஊரில் ஆட்டம். இடைவேளையில் முதலாளி தைலப் பாக்கெட்டுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கூட்டத்தில் வீசினார். பாதி மைதானத்திலேயே விழுந்தது. ஜனங்கள் மிதித்து, பாக்கெட் வெடித்து, வளையத்துக்குக் கீழே எண்ணெய். துடைக்கச் சொன்னேன். ஒரு பையன் வந்து துணியால் தேய்த்துப் பரப்பிவிட்டுப் போனான். நடுவரிடம் சொன்னேன், அவர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி நேரமாகிறது என்று கையைக் காட்டினார்.

ஆட்டம் மறுபடி தொடங்கி மூன்றாவது நிமிடம் இசக்கி பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இடது கால் வழுக்கி உள்பக்கமாகத் திரும்பியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அதை முன்பே கேட்டவர்களுக்குத்தான் கேட்கும்.

தூக்கிக்கொண்டு வந்து போட்டோம். அவளுடைய துண்டாலேயே மைதானத்து எண்ணெயைத் துடைத்தார்கள். மிச்ச நேரம் முழுவதும் ஒலிபெருக்கியில் தைல விளம்பரம்.

பிப்ரவரி 3

பிசியோ நஸ்ரின் முழங்காலை மடக்கி இழுத்துப் பார்த்தாள். எலும்பு முன்னால் நழுவுகிறது. லிகமென்ட் கிழிந்திருக்கும், உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள். கோச் வைரவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லீக் முடியட்டும் என்றார். ஸ்கேன் எடுத்தால்தானே கிழிசல் தெரியும், எடுக்காவிட்டால் வெறும் வீக்கம்தானே என்பது அவருடைய வாதம். இந்த மனிதரும் ஒரு காலத்தில் ஆடினவர். நம்ப முடியவில்லை.

அவள் ஆட முடியாது என்று சொல்லட்டுமே என்றேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். தானாக ஆட மறுக்கிறவளை அணியிலிருந்து நீக்கலாம், அவளுடைய காயத்துக்கு நிர்வாகம் வைத்தியம் பார்க்காது. ஆடத் தயாராக இருப்பவளுக்கு முழு வைத்தியமும் நிர்வாகப் பொறுப்பு. பதினான்காம் பக்கம், கீழே, பொடி எழுத்து. பெண்கள் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். நானும்தான் படிக்கவில்லை.

பிப்ரவரி 9

ஒரு டாக்டர் வந்தார். டாக்டர் என்று சொன்னார்கள். லாட்ஜ் கட்டிலில் இசக்கியை உட்கார வைத்து முழங்காலுக்குள் ஊசி போட்டார். ரத்தப் பஞ்சை எங்கே போடுவது என்று பார்த்துவிட்டு, நான் குடித்து வைத்திருந்த காபி டம்ளரில் போட்டார். அவர் போன பிறகு அந்த டம்ளரை நானே கழுவினேன், பிறகு கழுவினதையும் குப்பையில் போட்டேன்.

இசக்கி ஆடினாள். வலிக்கவே இல்லை என்கிறாள். வலிக்காது. வலி என்று ஒன்று இருப்பதே நிறுத்தச் சொல்வதற்குத்தான், அதன் வாயைப் பொத்தியாகிவிட்டது.

பிப்ரவரி 17

இன்னொரு ஊசி. இன்னொரு வெற்றி. அரையிறுதிக்கு வந்துவிட்டோம். முதலாளி எல்லோருக்கும் கேக் ஊட்டிவிட்டார், ஒரே விரலால், பன்னிரண்டு வாய்க்கும். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுங்கினார்கள். நான் சர்க்கரை வியாதி என்று சொல்லித் தப்பித்தேன்.

குளியலறையில் இசக்கி பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் பலாக்காய் மாதிரி. கதவைச் சாத்துங்கக்கா என்று மட்டும் சொன்னாள். சாத்திவிட்டு வெளியே நின்றேன், அங்கும் தாழ்ப்பாள் கிடையாது.

பிப்ரவரி 23

நாளை அரையிறுதி. நஸ்ரின் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு ஆட்டம் ஆடினால் மிச்சமும் போய்விடும், அப்புறம் ஆட்டம் இருக்கட்டும், படி ஏறுவதற்கே தவிப்பாள் என்றாள். இதை என்னிடம் ஏன் சொல்கிறாள் என்று எரிச்சலாக வந்தது. நான் படி ஏறுவதை இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் போல.

கோச்சிடம் போனேன். ஓய்வு கொடுங்கள் என்று கேட்டேன். என் கையில் இல்லை, முதலாளியிடம் கேளுங்கள் என்றார். முதலாளியிடம் போனேன்.

"ஏனுங் மேடம், அந்தப் புள்ளையே ஆடறேங்குது. உங்களுக்கு என்னங் வந்துச்சு? முடியாதுன்னா அதையே எழுதித் தரச் சொல்லுங்க. நாளைக்கே பஸ் ஏத்தி விட்டர்லாம்."

சொல்லிக்கொண்டே காதைக் குடைந்து, குடைந்த குச்சியைப் பார்த்தார்.

கடைசியாக இசக்கியிடம் போனேன். வங்கிக்காரர்கள் நாளைக்கு வருகிறார்கள், முப்பது நிமிடம் ஆடினால் போதும், அப்புறம் கால் இருந்தால் என்ன, போனால் என்ன என்றாள். நான் அவளைத் திட்டினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் ஷூவுக்கு லேஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

முடிவாக ஆட்டக்காரி மறுக்கக் கூடாது, கோச் மறுக்க மாட்டார், முதலாளி மறுக்க மாட்டார், டாக்டர் ஊசியோடு வருவார். ஊர் கூடித் தேர் இழுக்கிறது, சக்கரத்துக்கு அடியில் ஒரு பெண்ணின் கால்.

பிப்ரவரி 24

இன்று ஒரு தவறு நடந்துவிட்டது.

வழக்கம்போல நாலு மணிக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். அறையில் சத்தம். ஒரு பெண் ஜெர்சியைக் காணோம் என்றாள், இன்னொருத்தி ஐஸ் கேட்டாள். எழுதி முடித்து, வைரவன் விரலைப் பிடித்து வைத்தேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மேஜையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பெண், பதினொன்றுதானா மேடம் என்று கேட்டாளாம். பாட்டுச் சத்தத்தில் என் காதில் விழவில்லை.

ஊசி போட்டாகிவிட்டது. ஐந்து பேரை மைதானத்துக்குள் அனுப்பும்போது மேஜையிலிருந்து விசில். பதினாலாம் எண் தாளில் இல்லை. இசக்கியம்மாள் என்ற பெயரே இல்லை.

வைரவன் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் அதைப் படித்தது அதுதான் முதல் தடவை. நடுவர் கீழே இருந்த கையெழுத்தைக் காட்டினார். முதலாளி மைதானத்துக்குள்ளேயே செருப்போடு வந்துவிட்டார். நடுவர் முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். அவ்வளவு கேவலத்திலும் அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இசக்கி பெஞ்சில் உட்காரக் கூடாது என்றுவிட்டார்கள். பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தாள். வங்கிக்காரர்கள் இரண்டு பேர், கால்சட்டைக்குள் சட்டை செருகியவர்கள், அவளுக்கு நாலு நாற்காலி தள்ளி இருந்தார்கள். ஒருவர் பக்கோடா சாப்பிட்டார். அவர்களுக்கு அவள் யாரென்று தெரியவில்லை.

மூன்று புள்ளியில் தோற்றோம்.

அவள் என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி.

"நேத்து என்னைய அந்தப் பேச்சுப் பேசுனிய. இன்னிக்கு என் பேரு மட்டும் எப்படிக்கா மறந்து போச்சு?"

கவனக்குறைவு என்றேன். அவள் காறித் துப்பவில்லை. துப்பியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 25

முதலாளி அழைத்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டேனாம். "இத்தன வருச அனுபவம்ங்கறீங்க, பன்னெண்டு பேரு எழுதத் தெரியலீங்களா?" எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். அவர் முன்னாலேயே உட்கார்ந்து, கவனக்குறைவால் விடுபட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய பேனா பிசுபிசுவென்று இருந்தது, தைலமாக இருக்கும்.

நஸ்ரின் நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்தாள். டைரியிலாவது உள்ளதை எழுதி வையுங்கள் மேடம் என்றாள். உள்ளதைத்தான் எழுதுகிறேன். கை தவறியது. கை தவறாத மனிதர் உண்டா?

மார்ச் 1

பிள்ளைகள் யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. நல்லது, அவர்கள் சாப்பிடும்போது வாயை மூடுவதே இல்லை.

மார்ச் 6

லீக் முடிந்துவிட்டதால் ஸ்கேன் எடுத்தார்கள். லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது, பாதி இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் அடுத்த வருடத்துக்குள் ஓடலாம் என்றார் டாக்டர். இவர் உண்மையான டாக்டர், கை கழுவினார். இன்னும் ஒரு தடவை அதே கால் திரும்பியிருந்தால் எதைத் தைப்பது என்று கேட்டார். இசக்கி ஸ்கேன் படத்தை விளக்குப் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். வங்கியில் அடுத்த வருடமும் ஆள் எடுப்பார்களாம், நஸ்ரின் விசாரித்துச் சொன்னாள். எடுத்தால்தான் நிஜம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இசக்கி என் கால் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். லாட்ஜ் வாசலில் நான் ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து ஏறினேன், அவளும் அப்படியே ஏறினாள். மேலே வந்ததும், சாப்ட்டியளாக்கா என்று கேட்டாள். பத்து நாளில் அவள் என்னோடு பேசியது இதுதான். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை. சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை.

மார்ச் 9

நினைத்தேன். ஆபரேஷன் என்றதும் முதலாளி வக்கீலைப் பிடித்துவிட்டார். இசக்கியே சொல்லித்தான் நான் பெயரை விட்டேனாம். அப்படியென்றால் அவள் ஆட மறுத்ததாக அர்த்தம், மறுத்தவளுக்கு வைத்தியம் கிடையாது. நான் வேண்டுமென்றே விட்டதாகச் சொன்னாலும் அதே கதைதான், இருவரும் சேர்ந்து செய்த சதி என்பார்கள். வெறும் தவறு என்றால் மட்டும் அவர்கள் வைத்தியம் பார்த்தாக வேண்டும். லீக் கமிட்டி பதினாலாம் தேதி விசாரிக்கிறது.

தவறுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, யார் கேட்கிறார்கள்.

மார்ச் 14, சென்னை

குளுகுளு அறை, வட்ட மேஜை, மூன்று பெரிய மனிதர்கள். தட்டு நிறைய முந்திரிப்பருப்பு. ஒருவர் அதை வாயில் அரைத்துக்கொண்டே, தோல் உதட்டில் ஒட்டியிருக்க, பெண்கள் விளையாட்டின் எதிர்காலம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். முந்திரித் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளியின் வக்கீல் என்னைக் கேட்டார். எத்தனை வருடமாக இந்தத் தாள் எழுதுகிறீர்கள், அந்தப் பெண்ணின் காலைப் பற்றி முந்தின நாள் முதலாளியிடம் போய்ப் பேசினீர்களா இல்லையா, மறுநாளே அந்த ஒரு பெயர் மட்டும் விடுபடுவது எப்படி. நான் ஒரே பதிலைச் சொன்னேன். கவனக்குறைவு. வேறு மாதிரிக் கேட்டார், கவனக்குறைவு. உங்களுக்கே கேவலமாக இல்லையா என்றார். இருக்கிறது என்றேன். அது ஒன்றுதான் அங்கே நான் யோசிக்காமல் சொன்ன பதில்.

இரண்டு வருடம் லீக்கில் எந்தப் பொறுப்பும் எனக்குக் கிடையாது என்று எழுதினார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நகல் போகும். அதற்குள் வக்கீல் எழுந்து, அந்தப் பெண்ணையும் விசாரிக்க வேண்டும் என்றார்.

இசக்கி முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உன் பெயரை எழுத வேண்டாம் என்று மேடத்திடம் நீ சொன்னாயா என்று வக்கீல் கேட்டார். இவளுக்குச் சூது தெரியாது. என்மேல் இருக்கும் கோபத்தில் எதையாவது உளறுவாள், இல்லை, எனக்கு நல்லது செய்கிறேன் என்று, அக்கா என் காலுக்காகத்தான் செய்தாங்க என்று சொல்லித் தொலைப்பாள். எதைச் சொன்னாலும் அவள் கால் போச்சு.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்? பேங்க்காரங்க வந்திருக்கப்ப எவளாவது அப்படிச் சொல்லுவாளா? இந்த மேடத்துக்குக் கண்ணு தெரியாது சார். அதுக்கு முந்தியே ரெண்டு மேட்ச்ல என் நம்பரத் தப்பா எழுதுனாவ. நாந்தான் பாத்துத் திருத்தச் சொன்னேன். வயசாயிட்டுல்லா, மறதி. அவியள வச்சு ஒரு டீமா?"

முந்திரிக்காரர் சிரித்தார். வக்கீல் தாளை மடித்து வைத்தார். நிர்வாகத்தின் ஊழியர் செய்த தவறு என்று முடிவெழுதி, ஆபரேஷன் நிர்வாகப் பொறுப்பு என்று கையெழுத்தானது. மயில்வாகனன் முந்திரித் தட்டைக்கூடத் தொடாமல் போனார்.

இரண்டு ஆட்டத்தில் நம்பரைத் தப்பாக எழுதினேனாம். பள்ளிக்கூட அணிகளுக்கும் சேர்த்து இருபத்தைந்து வருடமாக இந்தத் தாளை எழுதுகிறேன், ஒரு எண், ஒரு எழுத்து மாறினதில்லை. மூன்று பெரிய மனிதர்கள் முன்னால், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல், நெட்டையாக நின்றுகொண்டு வாய் கூசாமல் பொய் சொல்கிறாள். இருபது வயதுப் பெண், எங்கே கற்றுக்கொண்டாளோ.